உறைகலம் காக்காத விதைகள்: சோழமண்டலக் கடற்கரைக் காட்டு மரங்களின் விதைவழிப் பெருக்கம்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

சென்னையிலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் போகிறவர் கண்ணில் சவுக்குத் தோப்பும் முந்திரித் தோப்பும் சீமைக் கருவேலமும்தான் மாறி மாறிப் படும். மூன்றுமே வெளியிலிருந்து வந்தவை. இந்த மண்ணுக்கு உரிய காடு வேறு. குட்டையாக, நெருக்கமாக, தடித்த இலைகளோடு, வருடம் முழுவதும் பச்சை மாறாமல் நிற்கும் காடு அது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பல மாதம் வறட்சி. அப்படிப்பட்ட இடத்தில் இலையுதிர்க் காடுதான் இருக்க வேண்டும். ஆனால் இருப்பது பசுமைமாறாக் காடு. சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இதை உலர் பசுமைமாறாக் காடு என்று தனி வகையாகவே வைத்தார்கள்.

இன்று இது துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கோடியக்கரைச் சரணாலயத்தில் ஒரு பகுதி, மரக்காணம் போன்ற இடங்களின் காப்புக்காடுகளில் சில பகுதிகள், மற்றவை கோயில் காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அவற்றுள் பலரும் அறிந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையின் வன்னிக் காட்டிலும் பாலை, வீரை, கருங்காலி என்று இதே மரங்களை இதே பெயர்களில் காணலாம்.

இம்மரங்களை விதையிலிருந்து பெருக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். போத்து வெட்டி நடுவதையும் திசு வளர்ப்பையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவற்றால் கன்றுகளின் எண்ணிக்கை கூடும், ஆனால் ஒரே மரத்தின் நகல்களே கிடைக்கும். மிச்சமிருக்கும் சில நூறு மரங்களின் வேறுபாடுகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது விதை மட்டுமே. நான் நிறுவ விரும்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் காட்டின் பல மரங்களுக்கு விதை வங்கி ஒரு புகலிடம் ஆகாது. நாற்றங்காலும், அங்கே ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைக்கும் பதிவும்தான் அவற்றின் வங்கி.

2. விதையின் இயல்பு: உலர்பவையும் உலராதவையும்

1973இல் இ. எச். ராபர்ட்ஸ் விதைகளை இரண்டாகப் பிரித்தார். ஈரப்பதத்தை ஐந்து விழுக்காடு அளவுக்குக் குறைத்தாலும் உயிரோடு இருப்பவை ஆர்த்தோடாக்ஸ் வகை. உலர்த்தினால் செத்துப்போகிறவை ரீகால்சிட்ரன்ட் வகை. நெல்லும் துவரையும் கொன்றையும் முதல் வகை. மாவும் பலாவும் நாவலும் இரண்டாம் வகை. காப்பி விதையை ஆராய்ந்த எல்லிஸ், ஹாங், ராபர்ட்ஸ் மூவரும் 1990இல் இடைப்பட்ட மூன்றாம் வகை ஒன்றையும் காட்டினார்கள். ஓரளவு உலர்வைத் தாங்கும், ஆனால் உலர்ந்த நிலையில் கடுங்குளிரைத் தாங்காது என்பது அதன் இயல்பு.

முதல் வகைக்கு நம்மிடம் நல்ல கருவிகள் உண்டு. விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து பாகை குறைந்தால் மறுபடியும் இரட்டிக்கும் என்ற ஹாரிங்டன் விதி தோராயமானதுதான். ஆனாலும் உலகின் விதை வங்கிகள் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. இங்கிலாந்தில் வேக்ஹர்ஸ்டில் உள்ள மில்லினியம் விதை வங்கி, விதையை 15 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் உலர்த்தி, பூஜ்யத்துக்குக் கீழ் 20 பாகையில் வைக்கிறது. குளிர்கூட இல்லாமலே சில விதைகள் வியக்கத்தக்க ஆயுள் கொண்டவை. மிச்சிகனில் வில்லியம் பீல் 1879இல் விதைகளையும் மணலையும் புட்டிகளில் நிரப்பிப் புதைத்தார். 2021இல் தோண்டியெடுத்த புட்டியிலிருந்தும் சில விதைகள் முளைத்தன. நம் வீடுகளில் துவரைக்குச் செம்மண் பூசிக் காயவைத்ததும், சாம்பல் கலந்து மண்பானையில் மூடி வைத்ததும் இதே அறிவுதான்.

காட்டு மரங்களிடம் இந்த அறிவை அப்படியே கொண்டுபோனால் தவறு நேர்கிறது. வேப்பம் விதையைச் சேர்த்தவர்களுக்கு இது தெரியும். பொறுக்கிய சூட்டோடு விதைத்தால் நன்றாக முளைக்கும். சாதாரண அறையில் சில வாரம் கிடந்தால் பாதிகூடத் தேறாது. நாவல் விதையின் கெடு அதனினும் குறைவு. உலர்வைத் தாங்காத இனங்கள் உலகின் விதைத் தாவரங்களில் 8 விழுக்காடு அளவில் இருக்கலாம் என்று வைஸும் டிக்கியும் 2017இல் மதிப்பிட்டார்கள். அது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டே அவர்கள் வில்லிஸுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, அழிவின் விளிம்பில் உள்ள இனங்களில் 36 விழுக்காடும், மர இனங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டால் 33 விழுக்காடும் வழக்கமான முறையில் வங்கியில் வைக்க இயலாதவை என்று கணித்தது. மிக அவசரமாகக் காக்க வேண்டியவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றை உறைகலம் ஏற்காது. முளைக்கருவை மட்டும் பிரித்தெடுத்துத் திரவ நைட்ரஜனில் வைக்கும் வழி இருக்கிறது. அதற்கு ஒவ்வோர் இனத்துக்கும் தனிச் செய்முறையை உருவாக்கி, பிறகு கண்ணாடிக் குழாயில் வளர்த்தெடுக்கவும் வேண்டும். செலவைப் பார்த்தால், கோயில் காட்டின் எல்லா மரங்களுக்கும் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை.

ஒரு விதை எந்த வகை என்று அறியும் முறையை ஹாங்கும் எல்லிஸும் 1996இல் வகுத்துத் தந்தார்கள். விதைகளைப் பங்கிட்டு, ஒரு பங்கைப் பறித்தவுடன் விதைக்க வேண்டும். ஒரு பங்கைப் பத்து விழுக்காடு ஈரத்துக்கும் மற்றொன்றை ஐந்துக்கும் உலர்த்தி விதைக்க வேண்டும். அதிலும் தேறினால் உறையவைத்துப் பார்க்க வேண்டும். முறை எளிது. ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கில் விதை தேவை. ஒரு பருவத்துக்கே இருநூறு விதை தரும் மரத்திடம் இதைச் செய்தால், அறிவதற்காகவே அந்த ஆண்டின் சந்ததியைக் கொன்றதாகும். இந்த முட்டுக்கட்டைக்கு 2006இல் டாஸும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். விதையின் மொத்த எடையையும், அதில் ஓட்டின் பங்கையும் நிறுத்துப் பார்த்தால் போதும். கனமான விதை, மெல்லிய ஓடு என்றால் அது உலர்வைத் தாங்காது என்பதற்கு வாய்ப்பு அதிகம். பத்து விதையும் ஒரு நுண்தராசும் இருந்தால் ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே இதைச் செய்துவிடலாம். சோழமண்டலக் கடற்கரை மரங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுவே என்பது என் துணிபு.

3. விதையுறக்கம்

உயிருள்ள விதையும் ஈரம் கிடைத்தவுடன் முளைத்துவிடுவதில்லை. கேரல் பாஸ்கின், ஜெரி பாஸ்கின் இருவரும் 2004இல் விதையுறக்கத்தை ஐந்து வகையாக முறைப்படுத்தினார்கள். நம் நோக்கத்துக்கு இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஓடு தண்ணீரை உள்ளே விடாதது: கொன்றை, ஆவாரை, உசில். இவற்றுக்கு வெந்நீரோ உப்புத்தாள் தேய்ப்போ போதும். மற்றொன்று, தண்ணீர் உள்ளே போனாலும் கரு எழாதது. சந்தனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புது விதை இரண்டு மாத அளவுக்கு உறங்கும். ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்தால் அந்தக் காலம் சுருங்கும். முளைத்த பின்னும் சந்தனம் தனியே வாழாது. பையில் துவரையைத் துணைக்கு நட்டு, அதன் வேரில் சந்தனம் ஒட்டிக்கொள்ள விட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஓரிடத்தில் பலித்த முறையை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும் பழக்கம் நாற்றங்கால்களில் வேரூன்றியிருக்கிறது. தென்னாப்பிரிக்கப் புதர்க்காட்டுச் செடி ஒன்று புகை பட்டால் முளைக்கிறது என்று 1990இல் டி லாங்கும் பௌச்சரும் காட்டியபின், புகைநீர் உலகெங்கும் பரவியது. தீயோடு சேர்ந்து பரிணமித்த தாவரங்களுக்கு அது பொருந்தும். நம் கடற்கரைக் காடு தீயால் உருவானதன்று. இங்கே விதைகளைப் பரப்புபவை கொண்டைக்குருவியும் குயிலும் வௌவாலும் மரநாயும். எனவே இங்குப் பெரும்பாலான விதைகளுக்கு முதல் தடை சதைதான். பழத்தின் சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் இருக்கும். பூஞ்சையும் அதில்தான் பிடிக்கும். சதையைக் கழுவி எடுத்தாலே பாதி வேலை முடியும். பறவையின் குடல் செய்வதைக் கை செய்கிறது. இதை விட்டுவிட்டு எல்லா விதையையும் சாணிக் கரைசலில் ஊறவைப்பதற்கு, இது எங்கள் வழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் நான் கேட்டதில்லை.

4. பாலை மரம்: சற்று அருகிலிருந்து

மணில்காரா ஹெக்ஸாண்ட்ரா என்னும் பாலை மரம் கோடியக்கரைக் காட்டின் தலைமை மரம். சப்போட்டாவின் நெருங்கிய உறவு. மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அதனாலேயே உத்திரத்துக்கும் செக்குக்கும் ஏராளமாக வெட்டினார்கள். வைகாசி, ஆனி வாக்கில் மஞ்சளாகப் பழுக்கும். வன்னியில் பாலைப்பழக் காலத்தில் மனிதரும் கரடியும் ஒரே மரத்தை நாடிப் போவார்கள். தின்றால் உதட்டில் பால் ஒட்டும்.

விதை எடுக்கும் வேலையை நாற்றங்காலில் பார்க்கலாம். கீழே உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி வாளியில் போட்டு, இரவு ஊறவிட்டு, காலையில் மணலோடு சேர்த்துச் சாக்கில் வைத்துத் தேய்க்கிறார்கள். மணல் இல்லாமல் தேய்த்தால் பிசின் விரலைவிட்டுப் போகாது. கழுவிய விதை செம்பழுப்பாக, எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும். ஒரு முனையில் மட்டும் வெளிறிய வடு. காயோடு ஒட்டியிருந்த இடம். தண்ணீரில் போட்டால் மிதப்பவற்றை வீசிவிடுவது வழக்கம். இது முழுக்கச் சரியன்று. ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையில் காற்று நின்றாலும் விதை மிதக்கும். மிதப்பவற்றில் பத்தை வெட்டிப் பார்த்து, பருப்பு வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கிறதா என்று அறிந்தபிறகே வீச வேண்டும். ஐயம் தீராவிட்டால் வெட்டிய விதையை டெட்ரசோலியம் கரைசலில் ஊறவைக்கலாம். உயிருள்ள திசு சிவக்கும்.

பாலையைப் பற்றி வனத்துறை நூல்களைவிடப் பழப்பண்ணைக்காரர்களுக்கு அதிகம் தெரியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். மெக்சிகோப் பகுதியிலிருந்து வந்த சப்போட்டா இங்கே பாலையின் வேரில்தான் நிற்கிறது. ஒட்டுக்கன்றுக்கு வேர்ச்செடியாகப் பாலை நாற்றைத்தான் வளர்க்கிறார்கள். அவர்கள் பேச்சில் அது ‘பாலா’. புது விதையே வேண்டும், ஓடு கெட்டி என்பதால் முளைப்பு சீராக இருக்காது, ஒட்டுக் கட்டும் பருமன் வர ஒன்றரை இரண்டு வருடம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். காட்டு மரம் ஒன்றின் விதைப்பெருக்க அறிவு தலைமுறை தலைமுறையாக ஒரு வணிகத்துக்குள் உயிரோடு இருக்கிறது. அரிய மரங்களைக் காக்க வருகிறவர்கள் முதலில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டிய இடம் அதுவே.

ஆனால் அங்கே வாங்கிய நாற்றைக் கொண்டுபோய்க் காட்டில் நடுவதை நான் ஏற்கமாட்டேன். விதை எந்தக் காட்டினது, எத்தனை மரத்தினது என்று பையில் எழுதியிருப்பதில்லை. சீராக, வேகமாக வளரும் நாற்றையே தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்தால், மெல்ல வளர்ந்து வறட்சியைத் தாங்கும் குணம் வடிகட்டப்பட்டுப் போய்விடும். ஒட்டுக்கு நல்லதாக இருப்பது காட்டுக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை.

5. தாய்மரம்

விதை எத்தனை மரங்களிலிருந்து வர வேண்டும்? மார்ஷலும் பிரௌனும் 1975இல் தந்த கணக்கு இன்றும் வழிகாட்டுகிறது: ஓர் இனக்கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் காணப்படும் மரபுக்கூறு வடிவங்களில் 95 விழுக்காட்டைப் பிடிக்க ஐம்பது மரங்கள் அளவுக்கு வேண்டும். எந்த மரத்தையும் வெறுமையாக்காதபடி, அன்று பழுத்திருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது விதை சேகரிப்போர் பின்பற்றும் இன்னொரு வரம்பு.

கோயில் காட்டில் போய்ப் பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணீர் வரவழைக்கும். ஒரு காட்டில் கருங்காலி இரண்டு மரம். அடுத்த ஊரில் ஒன்று. அந்த ஒன்றும் விதை தருமா என்பது அடுத்த கேள்வி. வீரை மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. கருங்காலிப் பேரினத்தில் பெரும்பாலானவையும் அப்படியே. ஆண்மரம் மட்டும் மிஞ்சிய காடு பார்வைக்குச் செழித்திருக்கும், வருடம் தவறாமல் பூக்கும், ஒரு விதையும் தராது. பெண்மரம் தனித்து நின்றால் பூ உதிரும், அல்லது காய் பொக்காகும். ஆகவே கோயில் காடுகளைக் கணக்கெடுக்கிறவர்கள் மரங்களின் எண்ணிக்கையோடு ஒவ்வொன்றும் ஆணா பெண்ணா என்பதையும் குறித்தாக வேண்டும். பூக்காலத்தில் ஒருமுறை போய்ப் பூவைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெவ்வேறு காட்டு விதைகளைக் கலக்கலாமா என்பதில் அறிஞரிடையே இருவேறு கருத்து உண்டு. ஒவ்வோர் இடத்து மரமும் அந்த மண்ணுக்குப் பழகியது, கலந்தால் அந்தப் பொருத்தம் கெடும் என்பது ஒரு பக்கம். எனக்கு அது இங்கே பொருந்துவதாகத் தோன்றவில்லை. இந்தக் காடுகள் ஒரே கடற்கரைப் பட்டையில் இருந்தவை. அவற்றைத் துண்டாக்கியது நம் உழவும் சாலையும்தான். மூன்று மரத்துக்குள் திரும்பத் திரும்ப மகரந்தம் சேர்வதால் வரும் நலிவு, கலப்பால் வரக்கூடிய கேட்டைவிட மிகப் பெரியது. பக்கத்துப் பக்கத்துக் காடுகளின் விதைகளைத் தாராளமாகச் சேர்த்து வளர்க்கலாம். எது எதிலிருந்து வந்தது என்ற குறிப்பு மட்டும் தொலையக்கூடாது.

6. நாற்றங்காலும் நடவும்

இம்மரங்கள் மேலே வளர்வதற்கு முன் கீழே வளர்கின்றன. நாற்று இரண்டு இலையோடு சும்மா நிற்கும்போது ஆணிவேர் பையின் அடியைத் தொட்டிருக்கும். சிறிய பாலித்தீன் பையில் வைத்தால் வேர் அடியில் சுருண்டு, நட்ட பிறகும் சுருண்டே இருக்கும். நீளப் பைகள் வேண்டும். மண்ணில் தாய்க்காட்டின் மேல்மண் ஒரு பங்கு சேர வேண்டும். வேரோடு கூட்டுவாழ்வு நடத்தும் பூஞ்சை அதில்தான் வருகிறது.

பழம் கோடையில் தொடங்கி ஆடி வரை வருகிறது. நடவு ஐப்பசி மழையில். இடையில் உள்ள மூன்று நான்கு மாதம் இந்த மரங்களுக்குப் போதாது. அந்த மழையையும் அடுத்த மழையையும் விட்டு, மூன்றாம் மழையில் நட்டால்தான் பிழைக்கும். மரக்கன்று இயக்கங்கள் எண்ணிக்கைக்கும் உயரத்துக்கும் விலை கொடுக்கின்றன. ஆறு மாதத்தில் நான்கடி வளரும் மரமே அதில் வெல்லும். பாலையும் வீரையும் காயாவும் இந்தச் சந்தையில் நுழையவே முடியாது. கன்றின் வயதுக்கு விலை வைத்தால் இது மாறும்.

ஆரோவில்லின் அனுபவம் இங்கே பயன்படும். 1968இல் தொடங்கியபோது அது மழைநீர் அரித்துப் பள்ளம் பறித்த செம்மண் மேடு. முதலில் ஆஸ்திரேலியக் கத்திச் சவுக்கு போன்ற விரைவு மரங்களால் மண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். நிழலும் சருகும் சேர்ந்தபின், சுற்றுவட்டக் கோயில் காடுகளிலிருந்து விதை எடுத்து வளர்த்த நாட்டு மரங்களை அதனடியில் நட்டார்கள். அங்குள்ள பிச்சாண்டிக்குளம் குழுவினர் அந்த அறிவைச் சென்னைக்கும் கொண்டுவந்தார்கள். 2011இல் திறக்கப்பட்ட அடையாறு தொல்காப்பியப் பூங்காவில் கழிவு கொட்டிக் கிடந்த நிலத்தில் இக்கடற்கரையின் மரங்கள் நடப்பட்டன. வெட்டவெளியில் நட்ட வீரைக் கன்றைப் பார்த்துவிட்டு, இந்த மரம் இனி வராது என்று முடிவுகட்டுகிறவர்கள், அதே கன்றை நிழலில் நட்டுப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

7. பதிவேடு

இத்துறையின் பெருங்குறை, முளைக்காதவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை என்பது. முளைத்த முறை ஆய்விதழில் வரும். முளைக்காமல் போன பதினைந்து தட்டுகள் குப்பைக்குப் போகும். பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அதே அரிய விதையை அதே தவறான முறையில் மீண்டும் வீணாக்குவார். விதை ஏராளமாகக் கிடைக்கும் பயிருக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்க இழப்பு. இரண்டே பெண்மரம் உள்ள கருங்காலிக்கு அன்று.

பதிவில் குறைந்தது இவ்வளவாவது இருக்க வேண்டும்: தாய்மரத்தின் இடமும் எண்ணும், மரத்திலிருந்து பறித்ததா உதிர்ந்ததா, பழத்தின் நிறம், பறித்த நாளுக்கும் விதைத்த நாளுக்கும் இடைப்பட்ட காலம், சதை நீக்கிய முறை, வெட்டிப் பார்த்ததில் எத்தனை பொக்கு, முதல் முளைக்கும் கடைசி முளைக்கும் இடையே எத்தனை நாள். இறுதிக் குறிப்பு முக்கியமானது. இரண்டு மாதத்தில் தட்டைக் கொட்டிவிடுவதால், அடுத்த மழைக்கு முளைக்க இருந்தவை கணக்கில் வராமலே போகின்றன.

காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் ஒரு பருவக் குறிப்பால் பயன் குறைவு. மலையில் குறிஞ்சியை எண்ணிப் பாருங்கள். 2018இல் பூத்தது, விதை முற்றியதைத் தவறவிட்டவர் 2030 வரை காத்திருக்க வேண்டும். கடற்கரை மரங்கள் அவ்வளவு கடுமையானவை அல்ல, ஆயினும் நல்ல காய்ப்பு எப்போது வரும் என்பது ஆய்வகத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. அது தெரிந்தவர்கள் காட்டோரத்தில் ஆடு மேய்ப்பவர்களும் ஐயனார் கோயில் பூசாரிகளும். எந்த மரம் போன ஆண்டு காய்க்கவில்லை, எந்த மரத்துப் பழத்துக்குக் குரங்கு முதலில் வரும் என்று அவர்கள் கேட்டவுடன் சொல்வார்கள். காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டைக் காத்து நிற்பவர்களும் அவர்களே. எனவே விதை எடுக்கும் அனுமதியும் அவர்களிடம் கேட்டே பெற வேண்டும். அவர்கள் சொல்லும் மாதமும் கிழமையும் பதிவேட்டில் தனிக் கட்டத்தில், சொன்னவர் இசைந்தால் அவர் பெயரோடு, ஏற வேண்டும்.